விசில்காரர் வீட்டு ஒத்திகை

விசில்காரர் முதல் தடவை செத்தபோது அவர் மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால், மனிதர் சோபாவில் ஒருக்களித்துச் சரிந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு, அச்சு அசலாகச் செத்துக் கிடந்தார். அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, குளியலறையில் இருந்த மகளைக் கூப்பிட்டு அலறி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வாசலுக்கு ஓடும்போதுதான் பிணம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "தப்பு. மொதல்ல யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேட்டது.

அன்று அவர் வாங்கிய திட்டை எழுதினால் காகிதம் தாங்காது. மனிதருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. இது ஒத்திகை என்றார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் அது நாடகம், சொல்லாமல் செய்தால்தான் ஒத்திகை என்று விளக்கம் வேறு கொடுத்தார். அவர் மனைவி துண்டால் அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு உள்ளே போய், மிச்ச வெங்காயத்தை நறுக்கினார். வெங்காயத்தின் பேரைச் சொல்லி அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு பெயிண்ட் கம்பெனியில் தீ விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாகத் தலை நரைக்கும் வரை இருந்தவர். கழுத்தில் எப்போதும் விசில். அவர் தலை தெரிந்தால் சிகரெட்டை அணைத்துவிட்டுத் தொழிலாளிகள் நல்ல பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை, விசில்காரர்தான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு கடைக்காரர், பால்காரர் எல்லாருக்கும் அதே பெயர்தான் வாயில் நின்றது.

இப்போது அவருக்கு இதயம் வீங்கிவிட்டது. ரத்தத்தைத் தள்ளுகிற வேலையைப் பாதி செய்து மீதியைப் போட்டுவிடுகிறது என்றார் டாக்டர். கால் வீங்கும், படி ஏறினால் பாதியில் நிற்க வேண்டும், தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கம். உப்பு கூடாது. குணமாகாது, ஆனால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்பது டாக்டர் சொன்னதன் சாரம். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

இதயத்தைவிட அவரைப் பயமுறுத்தியது ஒரு ஃபிட்டர். கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொண்டைக்குள் குழாய், குழாயின் மறுமுனையில் மெஷின். தூக்கத்தில் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். விசில்காரர் வாரா வாரம் போய்ப் பார்த்தார். கடைசி வரை அந்தக் கட்டு அவிழவில்லை. அந்த ஆள் கையால் வளையாத இரும்பு கிடையாது. அந்தக் கையைக் கட்டி வைத்துவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து ஒரு முழுச் சாப்பாட்டு வேளையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

ஆகவே வீட்டுக்கு வந்து போகும் நர்ஸம்மா, "இந்த மாதிரி நோய்ல நீங்க என்ன விரும்பறீங்க, என்ன விரும்பலைங்கறதை இப்பவே சொல்லி வைக்கலாம்" என்று ஒரு படிவத்தை எடுத்தபோது, விசில்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ பேர் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆவார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சம்பள உயர்வுக் கடிதம் வந்த மாதிரி உட்கார்ந்து நிரப்பினார். குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம். வீட்டிலேயே இருந்து போகிறேன்.

"உங்களால பேச முடியாத நிலைமை வந்தா உங்களுக்காக யார் பேசணும்?" என்று கேட்டார் நர்ஸம்மா.

அவர் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவருக்காகப் பேசிப் பேசியே தொண்டை கட்டியவர் அவர்தானே. விசில்காரர் அவரைப் பார்க்காமல், "பாப்பா" என்றார்.

பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. ஒரே மகள். கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண் முன்னால் ஒவ்வொரு கண்ணாடித் துண்டாக மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பது அவள் வேலை. 'இது' என்றவர் அடுத்த நிமிஷம் 'அது' என்பார். அதற்கெல்லாம் அவள் சலித்துக்கொள்ள மாட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து கேட்பாள். வந்தவர் போனவர் எல்லாரையும் இரண்டாம் தடவை கேட்கத் தெரிந்தவளுக்கு அப்பா விஷயத்தில் மட்டும் அது தோன்றவில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்துவிட்டாள், வேறென்ன?

"ஏங்க, நான் இருக்கும்போது அவ தலையில எதுக்கு?" என்று கேட்டார் அம்மா.

"நீ என்னை விட மாட்ட" என்றார் விசில்காரர். "அழுது ஊரைக் கூட்டிடுவ. இவ சொன்னதைச் செய்வா."

நர்ஸம்மா மகள் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமா?" என்றார். மகளுக்கு அந்த நேரத்தில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக்கியபோது இருந்த பெருமை. சம்மதம் என்றாள்.

கிளம்பும்போது நர்ஸம்மா ஒன்று சொன்னார். "இது அவரால பேச முடியாதப்பதான் செல்லும். பேசற வரைக்கும் அவரைத்தான் கேக்கணும். நாளைக்கே மனசு மாறினாலும் மாத்திக்கலாம்." விசில்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனசு மாறுகிறவர்களைக் கம்பெனியில் நிறையப் பார்த்துவிட்டார் அவர்.

அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு தடவை, பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னர் வைக்கிற கிடங்கில் நிஜமாகவே தீ பிடித்தது. பக்கவாட்டுக் கதவு கை எட்டும் தூரத்தில் இருக்க, ஒரு பையன் தான் உள்ளே வந்த பெரிய கதவை நோக்கி, தீக்குள்ளேயே ஓடினான். விசில்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். விடுங்க சார், விடுங்க சார் என்று அவன் கெஞ்சினான், கடித்தான், காலில்கூட விழுந்தான். விசில்காரர் பளாரென்று ஒன்று விட்டு, தரதரவென்று பக்கவாட்டுக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார். பிற்பாடு அந்தப் பையன் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் பெரியவர்கள் வரிசையில் போட்டான். பதறிப்போனவன் பேச்சு பேச்சே இல்லை என்பது அன்றிலிருந்து அவருக்கு வேதமாகிவிட்டது.

அதை அப்படியே தனக்கும் பொருத்திக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

ஒத்திகைகள் நடந்தன. அம்மா கலந்துகொள்ள மாட்டேன் என்று தலைகீழாக நின்றுவிட்டார். ஒத்திகை தொடங்கினால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைத் தேய்ப்பார், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பார். மகள் மட்டும் தேறினாள். அப்பா கட்டிலில் சரிந்தால் முதலில் தலையணையை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஜன்னல். மேஜை மின்விசிறி முகத்துக்கு நேராக. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும், மூச்சுத்திணறலுக்கான மருந்து. பிறகு நர்ஸம்மாவுக்குப் போன். ஆம்புலன்ஸ் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும்.

பல் தேய்க்கும்போது செத்தார். அவள் வேலைக்குக் கிளம்பி ஒரு செருப்பு மாட்டி, ஒரு செருப்பு மாட்டாமல் நிற்கும்போது செத்தார். ஒரு தடவை தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது செத்து, அவள் ஓடி வந்து எல்லாம் செய்து முடித்த பிறகு, "அந்த ஆள் கடைசியா என்ன சொன்னான்?" என்று செய்தியைப் பற்றிக் கேட்டார். அவளும் சிரித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அந்த ஒத்திகைகள் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தன. சின்ன வயதில் அவரோடு இத்தனை நேரம் அவள் விளையாடியதே இல்லை. எப்போதும் கம்பெனி, கம்பெனி என்று போனவர்.

ஒரு நாள் எல்லாம் முடிந்து தலையணைகளைப் பிரித்துப் போடும்போது அவர் சொன்னார். "ஒண்ணு மனசுல வச்சுக்க பாப்பா. அந்த நேரத்துல நான் பயந்தாலும் பயப்படுவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு கத்துவேன். நீ கேக்கக் கூடாது."

"நீங்க கேட்டாக்கூடவா?"

"அது நான் இல்ல. அது பயம் பேசறது. இப்பப் பேசறேன் பாரு, இதுதான் நான். யாராவது போன்ல கேட்டாலும் அப்பா அமைதியா இருக்கார்னு சொல்லு. சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நான் கத்தினா?"

"காதுல வாங்க மாட்டேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இது கேட்டிருக்காது என்று மகள் நினைத்தாள்.

அந்த நாள் ஒரு விடுமுறை நாள், மத்தியானம். மழை வரப்போகிற புழுக்கம். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் அறையிலிருந்து ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் டம்ளர். சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு போனாள்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நல்லாவே நடிக்கிறீங்கப்பா" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகுதான் அவர் நெற்றியைப் பார்த்தாள். முத்து முத்தாக வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி கொளகொளவென்று சத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. வியர்வையை யாரும் நடிக்க முடியாது.

அவள் கைகள் தானாக வேலை செய்தன. தலையணை. ஜன்னல். மின்விசிறி. மருந்தை அளந்து கன்னத்தின் உள்பக்கம் விட்டாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா பேசினார்.

"வண்டி."

"என்னப்பா?"

"வண்டியைக் கூப்பிடு."

"சரியாயிடும்பா. நான் இருக்கேன் இல்ல." ஒத்திகையில் சொல்லிப் பழகிய வார்த்தைகள். தடங்கலே இல்லாமல் வந்தன.

"முடியல பாப்பா. கூப்பிடு." அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி. "கூப்பிடுடி."

பிறந்ததிலிருந்து அவளை அவர் டி போட்டுக் கூப்பிட்டதில்லை. அவர் கண்களைப் பார்த்தாள். இத்தனை ஒத்திகையிலும் அந்தக் கண்கள் மூடியே இருந்திருக்கின்றன. பிணமாகத்தான் அவர் பழகினார், பயந்துபோனவராக ஒரு தடவைகூடப் பழகவில்லை. இப்போது அவை விரியத் திறந்து அவளையே பார்த்தன. அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மணிக்கட்டிலிருந்து பிரித்து எடுத்து, அந்தக் கையைத் தலையணை மேல் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அந்த நேரத்தில் அதுதான்.

நர்ஸம்மா எடுத்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "அவரால பேச முடியுதா? என்ன கேக்கறார்?" என்றார் நர்ஸம்மா.

"ஒண்ணும் கேக்கலை" என்றாள் மகள். "அமைதியாத்தான் இருக்கார்."

அப்பாவின் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவள் சொன்னது அவருக்குக் கேட்டது.

வாசற்படியில் அம்மா ஒரு மடித்த துண்டோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. துண்டைக் கீழே போட்டார். வந்து மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். குரல் உயரவே இல்லை. "பொய் சொல்றா. அவர் ஆம்புலன்ஸ் கேக்கறார். வாய் விட்டுக் கேக்கறார். நான் என் காதால கேட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் குழாய் எதுவும் போடவில்லை. முகத்தில் இறுக்கமாக ஒரு முகமூடியை மாட்டிக் காற்றை அடித்தார்கள். ஊசி போட்டு, நுரையீரலில் தேங்கிய தண்ணீரையெல்லாம் சிறுநீராக வெளியேற்றினார்கள். கையை யாரும் கட்டவில்லை. மறுநாள் காலையில் முகமூடியைக் கழற்றிவிட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்று அங்கிருந்த பணிப்பெண்ணிடம் அவர் சண்டைக்குப் போனார்.

காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெத்தைக்கு அடியில் உப்புக் கடலைப் பொட்டலங்கள். கடைக்காரரிடம் ரகசியமாகச் சொல்லி வாங்கி, சில நாட்களாக ஒளித்து ஒளித்துத் தின்றிருக்கிறார் மனிதர். ஊருக்கெல்லாம் விதி சொன்னவர். அன்றைக்கு வந்தது சாவு இல்லை, உப்பு. ஆனால் அந்த முகமூடி கிடைக்காமல் இருந்திருந்தால் உப்பே சாவாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் மகளைக் குறிப்பாகப் பார்க்கவில்லை. மகள் தன்னைத்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா அவளை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவர்தான் சொல்லச் சொன்னார். அந்த நேரத்துல பேசறது நான் இல்லன்னார்."

"அவர் இல்லாம வேற யாரு?" என்றார் நர்ஸம்மா. "பயப்படறவரும் அவர்தானே. வீட்டோட இருக்கணும்னு சொன்னவர் பயப்படக் கூடாதுன்னு சட்டமா? பயத்தோட கேட்டாலும் கேட்டதுதான். அவர் கேக்கற வரைக்கும் அவர்தான். அவரால கேக்க முடியாதப்பதான் நீங்க."



அன்று மாலை காத்திருப்பு அறையில் அம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கேட்டார். "நீ சின்ன வயசுலகூடப் பொய் சொன்னதில்ல. இதை எங்க கத்துக்கிட்ட?"

"அப்பாகிட்டதான்."

"அவர் சொன்னா உனக்கு எங்க போச்சு புத்தி?" என்று கேட்டுவிட்டு, அம்மா தன் பையிலிருந்த ரொட்டியைப் பாதி பிய்த்து அவளிடம் நீட்டினார். "சாப்பிடு" என்றார். இரண்டு பேரும் அழவில்லை.

வீட்டுக்கு வந்தார் விசில்காரர். உடம்பு பாதியாகியிருந்தது, வாய் மட்டும் மிச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார். உண்மையில் வாயும் முழுதாக மிச்சமில்லை. மனைவியிடம் வழக்கம்போலச் சள்ளுபுள்ளென்று விழுந்தார். மகளிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொண்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால், "தேங்க்ஸ்மா" என்றார். கடை எப்படிப் போகிறது என்று விருந்தாளியிடம் கேட்பது மாதிரி கேட்டார். மருந்தை அவள் அளந்தால் குப்பியை வாங்கி ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஒத்திகை என்ற பேச்சே எழவில்லை.

அந்த மரியாதை அவளைக் கொன்றது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன் என்று நூறு தடவை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டாள். சண்டையில் ஒவ்வொரு தடவையும் அவளே ஜெயித்தாள். ஜெயித்து முடித்ததும் அந்தக் கண்கள் வந்து நிற்கும். அந்த விரல்களைப் பிரித்தெடுத்தது அவள் விரல்கள்தான். அப்பா சொன்னார் என்பது அந்த விரல்களுக்குத் தெரியுமா? கடையில் ஒரு கிழவரின் முகத்துக்கு நேராகக் கண்ணாடித் துண்டை நீட்டிவிட்டு, 'இது தெளிவா, இதுவா?' என்று கேட்க மறந்து நின்றாள். முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சீக்கிரம் வந்ததால்தான் அவள் அதைப் பார்த்தாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்கு. மகள் உள்ளே வந்ததும், "நல்லதாப் போச்சு, நீ இரு, நான் போயிட்டு வந்துடறேன்" என்றார் அம்மா.

"வேண்டாம்" என்றார் விசில்காரர் கட்டிலிலிருந்து. "நீ இரு. அவ போகட்டும்."

"அவ இப்பத்தான் வேலைலேர்ந்து வரா. சீட்டும் என்கிட்டதான் இருக்கு, டாக்டர் மாத்தினதை நான்தான் கேக்கணும்."

"அப்ப நாளைக்குப் போ."

"இன்னிக்கு ராத்திரிக்கு மாத்திரை இல்லங்க."

"அப்ப நானும் வரேன்" என்று சொல்லி, நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டிய மனிதர், காலைக் கட்டிலிலிருந்து இறக்கிச் செருப்பைத் தேடினார். அம்மா கணவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அம்மா ஒரு நாளும் வெளியே போகவில்லை என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. அப்பா போகவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்கு.

"என்கூடத் தனியா இருக்க உங்களுக்குப் பயமா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவர் செருப்பைத் தேடுவதை நிறுத்தினார். மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். மறுத்துவிட்டால் போதும், பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்ளலாம்.

"ஆமா" என்றார்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்."

"அதான் பயமா இருக்கு. ஒரு எழுத்து பிசகாம செஞ்ச. நான் கெஞ்சறேன், நீ என் விரலைப் பிரிக்கற. கத்துக் கொடுத்தவன் நான்தான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, உன்னைப் பார்த்தா அந்தக் கைதான் ஞாபகம் வருது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் படிவத்துல உன் பேரை எடுத்துட்டு உங்கம்மா பேரைப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"என் பேரைப் போடாதீங்க" என்றார் அம்மா, செருப்போடு அறைக்குள் வந்து. "அன்னிக்கு நான் போனைப் பிடுங்கினது நீங்க கேட்டீங்கன்னு மட்டும் இல்ல. நீங்க கேக்கலைன்னாலும் பிடுங்கியிருப்பேன். என் பேரைப் போட்டா குழாய் போடச் சொல்வேன், கையைக் கட்டச் சொல்வேன், மூச்சு இருக்கிற வரைக்கும் வச்சுக்கிட்டு இருப்பேன். எனக்கு விடத் தெரியாது. அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே அன்னிக்கு இவ பேரைச் சொன்னீங்க."

விசில்காரர் இரண்டு பெண்களையும் பார்த்தார். ஒருத்தி விடவே மாட்டாள். ஒருத்தி பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாலும் விட்டுவிடுவாள். "அப்ப நான் யாரை நம்பிச் சாகறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்திருப்பார். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

மகள் போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க வாயைத் திறந்து கேட்டா வண்டியைக் கூப்பிடுவேன்" என்றாள். "எத்தனை தடவை கேட்டாலும் கூப்பிடுவேன். உங்களால கேக்க முடியாம போய், டாக்டர் இனிமே திரும்பாதுன்னு சொன்னா, அன்னிக்குக் குழாய் போட விட மாட்டேன். அம்மா என் காலைப் பிடிச்சாலும் விட மாட்டேன். ரெண்டையும் என்னால செய்ய முடியும். ஆனா உங்க பேச்சைக் கேக்காதேன்னு மட்டும் இனிமே என்கிட்ட சொல்லாதீங்க. அது என்னால முடியாது. அன்னிக்குச் செஞ்சப்பவே முடியலப்பா." அதற்கு மேல் பேச முடியாமல் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முப்பத்தைந்து வயதுப் பெண் விசித்து விசித்து அழுதாள்.

அவர் அவள் தலையைத் தொடவில்லை. கை பாதி தூரம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம், "நீ போயிட்டு வா" என்றார். அம்மா வாசல் வரை போனதும், "உன் போனை இங்க வச்சுட்டுப் போ" என்றார்.

அம்மா தயங்கினார். மகள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள். ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து, ஒரு தடவை தொட்டால் போகிற மாதிரி திரையில் பெரிதாக வைத்தாள். அப்பாவின் கையில் கொடுத்தாள். "இதை அழுத்தினா வண்டி வரும். நான் என்ன சொன்னாலும் அழுத்துங்க. நான் தடுத்தாலும் அழுத்துங்க" என்றாள். அவர் கட்டைவிரலை எடுத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள்.

கதவு சாத்தப்பட்டது. படிகளில் அம்மாவின் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. மகள் நாற்காலியை இழுத்து, கட்டிலிலிருந்து தள்ளி, கதவோரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைகளை அவர் பார்வையில் படும்படி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மூச்சு சீராகத்தான் இருந்தது. அவள் அதை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள்.

"ஏன் அங்க போய் உட்காந்திருக்க?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்குப் பயமா இருக்கும்னு."

"பயமாத்தான் இருக்கு" என்றார். "அதுக்காக அவ்வளவு தூரத்துலயா உட்காருவாங்க? இங்க வா."

அவள் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இடது கையால் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வலது கை போனை விடவில்லை.